கிராமத்து வாசலில் நீதிமன்றம்

(வெம்பக்கோட்டை வட்டாரக் கிராம மக்களிடையே நிகழ்த்திய உரை)



நம் வெம்பக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்து வைப்பாற்றில் நீர் வந்தால் உழவு. வாராவிடில் பட்டாசும் தீப்பெட்டியுமே கதி. இவற்றை நம்பி வாழும் குடும்பத்தில் ஒரு நாட்கூலி போனால் அன்றைய அடுப்பே அணைந்து போகிறது. அத்தகைய கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, கோர்ட்டு வராந்தாவில் நாள் முழுதும் காத்திருந்து, மாலையில் 'வாய்தா' என்ற ஒரே சொல்லைப் பெற்றுத் திரும்பியவர்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததும் இதனால்தான் அன்றோ?

இன்று அந்த நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. கணிப்பொறியும் கைபேசியும் நீதிமன்றத்துக்குள் புகுந்துவிட்டன. இந்த மாறுதல் நம் கிராமங்களுக்குப் பயன்பட வேண்டுமாயின் நாம் செய்ய வேண்டுவது என்ன என்பதைச் சற்றே ஆராய்வோம்.

முதலில் தூரத்தைப் பற்றிப் பார்ப்போம். நம் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர். ஆனால் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பதோ ஸ்ரீவில்லிபுத்தூரில். உயர் நீதிமன்றத்தை நாட வேண்டுமென்றால், 2004ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் மதுரைக் கிளை திறக்கப்படும் வரையில் சென்னைக்கே போகவேண்டியிருந்தது. மதுரைக் கிளை வந்தபின் அந்தத் தூரம் குறைந்தது. எனினும், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்று அறிவதற்கே வக்கீல் வீட்டிற்கும் குமாஸ்தாவிடமும் நடக்கும் நடை ஓயவில்லை. ஊருக்கும் கோர்ட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட, செய்திக்கும் வழக்காளிக்கும் இடையே இருந்த தூரமே பெரிது.

இந்தத் தூரத்தைக் குறைப்பதற்கென்றே மின்-நீதிமன்றத் திட்டம் நாடெங்கும் 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2015இல் அதன் இரண்டாம் கட்டமும், 2023இல் மூன்றாம் கட்டமும் தொடர்ந்தன. மூன்றாம் கட்டத்துக்கென நான்கு ஆண்டுகளுக்கு 7,210 கோடி ரூபாய் செலவிட 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இத்திட்டத்தின்படி, தாக்கலாகும் ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட ஓர் எண் வழங்கப்படுகிறது. அதனைச் சி.என்.ஆர். எண் என்பர். நாடு முழுவதிலும் அந்த எண் ஒரு வழக்குக்கு மட்டுமே உரியது. கைபேசியில் அந்த எண்ணை இட்டால் வழக்கின் நிலை, கடந்த வாய்தாக்கள், அடுத்த தேதி ஆகியவற்றைக் காணலாம். பதிவேற்றப்பட்ட உத்தரவுகளையும் படிக்கலாம். மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்தாற்போல, நம் வழக்குக்கு இது அடையாளம். ஆதலின், வழக்குத் தொடுத்த அன்றே இந்த எண்ணைக் கேட்டு வாங்கி, ரேஷன் அட்டையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளல் வேண்டும். மனுவில் நம் கைபேசி எண்ணையும் தவறாமல் குறிப்பிடல் வேண்டும்; அப்போதுதான் தேதி பற்றிய குறுஞ்செய்தி நம்மை வந்தடையும்.

கைபேசியைப் பயன்படுத்தத் தெரியாதவர் என் செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அத்தகையோருக்காகவே நீதிமன்ற வளாகங்களில் மின்சேவை மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன.  சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பெற நாம் செல்லும் இ-சேவை மையம் வேறு, இது வேறு. வழக்கின் நிலை அறிதல், சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தல், மனுக்களை மின்வழியே தாக்கல் செய்தல் ஆகியவற்றுக்கு இங்கே உதவி பெறலாம்.

இனி, நம் வட்டாரத்தின் உயிர்நிலையான ஒரு விஷயத்துக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை நாம் மறக்க முடியுமா? இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் குடும்பங்கள் எவையும் மனுப் போடுமுன்னரே, பத்திரிகைச் செய்தியைக் கண்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கொள்ளைநோய்க் காலமாதலால் தீர்ப்பாயம் அப்போது காணொலி வாயிலாகவே இயங்கிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உயிரிழந்தோரின் வாரிசுகளுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டுமென அது உத்தரவிட்டது. கரிசல் காட்டில் எழுந்த ஓலம் டில்லியிலுள்ள தீர்ப்பாயத்தை எட்டுவதற்குத் தூரம் ஒரு தடையாகவில்லை என்பதை இது காட்டுகிறது.

ஆனால், உத்தரவு பிறப்பது ஒன்று. பணம் வீடு வந்து சேர்வது மற்றொன்று. நாடெங்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்களிலும் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர்களிடத்தும் கட்டப்பட்ட பெருந்தொகை, உரியவர் வந்து பெறாமலே கிடப்பதை உச்ச நீதிமன்றம் கவனத்தில் கொண்டது. பெற வேண்டியவர் தேடி வரவில்லை. கொடுக்க வேண்டியவரிடம் அவருடைய முகவரி இல்லை. எனவே 2025 ஏப்ரல் 22ஆம் நாள் அந்நீதிமன்றம் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. மனுச் செய்வோரின் முழு விவரங்களையும் வங்கிக் கணக்கையும் கேட்டுப் பெறல் வேண்டும்; தொகையை அக்கணக்கிலேயே நேராகச் செலுத்த வழிசெய்தல் வேண்டும்; பெறப்படாத தொகைகளின் விவரம் இணையத்தில் தெரியும்படி வைத்தல் வேண்டும் என்பன அவற்றின் சாரம். கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு இவை வெறும் அலுவலக விதிகளல்ல. பிள்ளைகள் பள்ளியில் தொடர்வதா, பட்டாசு வேலைக்குப் போவதா என்பதையே இவை முடிவு செய்யக்கூடும்.

இங்கே நாம் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இழப்பீடு கோரும் இடத்தில் முதலில் எழும் கேள்வி, இறந்தவர் அந்த ஆலையில்தான் வேலை செய்தார் என்பதற்கும், இவ்வளவு கூலி பெற்றார் என்பதற்கும் சான்று எங்கே என்பதுதான். கையில் கொடுத்த கூலிக்குச் சாட்சி இல்லை. வங்கியில் ஏறிய கூலிக்குச் சாட்சி உண்டு. கூலியை வங்கி வழியே கேட்டு வாங்குவதும், வருகை அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நாளைய ஆபத்துக்கு இன்றே கட்டும் கரையாகும்.

மின்வழிச் சான்றுகள் பற்றியும் ஒரு சொல். நமது விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வை நம்மில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். ஒரு மணி கிடைத்தாலும் அது எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று குறித்த பின்னரே அதனை எடுப்பர். அந்தக் குறிப்பு இல்லையேல் மணி வெறும் மணிதான். அது வரலாற்றைப் பேசாது. கைபேசியில் எடுத்த படமும் அப்படியே. எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது, இடையில் மாற்றப்படவில்லை என்பதற்குரிய சான்றிதழோடு வந்தால்தான் அது நீதிமன்றத்தில் பேசும். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டமும் இவ்வாறே விதிக்கிறது. ஆகவே மூலப் படத்தை அழித்துவிட்டு, பலர் கைமாறிய பிரதியை மட்டும் வைத்திருத்தல் ஆகாது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த குற்ற நடைமுறைச் சட்டம், போலீசார் செய்யும் சோதனையையும் பொருள்களைக் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. இது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பு, நேர்மையாகக் கடமையாற்றும் காவலருக்கும் பாதுகாப்பு.

தாமதத்தின் கொடுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கிய பின்னரும், உத்தரவு தபாலில் வந்து சேரவில்லை என்று ஆக்ராவில் சிலர் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தனர். ஒரு காகிதம் வாராமையால் மனிதனின் விடுதலை நின்றது. இதன் பின்னர், 2022 மார்ச் 31 முதல், உத்தரவுகளை மின்வழியே சிறைகளுக்கு உடனுக்குடன் அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. அண்டை மாநிலமான கேரளத்திலோ, 2024 நவம்பரில் கொல்லத்தில் காகிதமில்லாத நீதிமன்றம் ஒன்று காசோலை வழக்குகளுக்கென்றே தொடங்கப்பெற்றது. இரவு பகல் எந்நேரமும் அங்கே வழக்குத் தாக்கல் செய்யலாம். கடனும் காசோலையுமாக வணிகம் நடக்கும் நம் சிவகாசிப் பகுதியினர் கவனிக்கத் தக்க செய்தி இது.

மொழியை எடுத்துக்கொண்டால், நம் மாநிலத்தின் கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே வழிகோலிற்று. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் கணிப்பொறியின் துணையால் தமிழிலும் பெயர்த்து வெளியிடும் பணி இப்போது நடைபெறுகிறது. ஆனால் இம்மொழிபெயர்ப்பு நாம் படித்தறிவதற்கு மட்டுமே. சட்டத்தின் கண்ணில் ஆங்கில மூலமே செல்லுபடியாகும். எந்திரம் பெயர்த்ததை மனிதர் சரிபார்த்தாக வேண்டும். தீர்ப்பு வழங்குவதற்கே எந்திர அறிவைப் பயன்படுத்தலாகாது என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு விதித்த நெறிமுறை போற்றத்தக்கது. தராசை எந்திரம் துடைத்து வைக்கலாம். நிறுப்பது மனிதனின் மனச்சாட்சியாகவே இருத்தல் வேண்டும்.

நன்மை வரும் வழியில் தீமையும் வருமன்றோ? போலீஸ் உடை தரித்தும் நீதிபதி போல் அமர்ந்தும் கைபேசித் திரையில் தோன்றி, "உம்மைக் கைது செய்திருக்கிறோம், பணம் கட்டும்" என்று மிரட்டும் கூட்டம் நாட்டில் பெருகியிருக்கிறது. கைபேசி வழியாகக் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. எந்த நீதிமன்றமும் ஜாமீனுக்காகத் தொலைபேசியில் பணம் கேட்பதில்லை. அத்தகைய அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். இன்னோர் ஆபத்தும் உண்டு. முன்னாளில் கோர்ட்டு வாசலில் நின்ற தரகன், இந்நாளில் கணிப்பொறியின் முன் அமர்ந்துகொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் செய்திக்கு அவன் விலை வைப்பான். நாம் கற்றுக்கொள்ளாத வரையில் அவன் பிழைப்பான்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஒவ்வோர் ஊராட்சியிலும் படித்த இளைஞரோ மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினரோ இருவரேனும் வழக்கு எண்ணை வைத்து விவரம் பார்க்கவும், நகலுக்கு விண்ணப்பிக்கவும் பழகிக்கொள்ளல் வேண்டும். கிராம நூலகத்தில் வாரம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கினால் போதும். இரண்டாவது, இலவச சட்ட உதவியைக் கேட்டுப் பெறல் வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், தொழிற்சாலைப் பேரிடரில் சிக்கியோர் ஆகியோருக்கு இது உரிமை, பிச்சையன்று. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வர். மூன்றாவது, நேரில் பேசி நியாயம் கேட்கும் உரிமையை எக்காரணத்தாலும் விட்டுவிடலாகாது. அலைவரிசை கிடைக்காத ஊரும், மின்சாரம் நின்றுபோகும் வேளையும் உண்டு. திரையில் முகம் தெரியாமற்போனது காரணமாக ஒரு தாயின் முறையீடு கேட்கப்படாமற்போகுமானால், அவ்வளவு செலவும் வீண்.

கருவி எவ்வளவு விரைந்து ஓடினாலும், அது யாருக்காக ஓடுகிறது என்பதே முக்கியம். ஒரு வாய்தாவுக்காக நம் ஊர்த் தாய் ஒருத்தி தன் நாட்கூலியை இழக்காதிருந்தால், உரிய இழப்பீடு உரிய காலத்தில் அவள் கணக்கில் வந்து சேர்ந்தால், இந்தப் புதுமை நம் கிராமத்தை அடைந்துவிட்டது என்று நாம் சொல்லலாம். அதற்கான முதற்படியாக, வழக்குள்ளோர் அனைவரும் இன்றே வீட்டுக்குச் சென்று தத்தம் வழக்குக் கட்டில் அந்தப் பதினாறிட எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல், நாளையே கேட்டு வாங்குங்கள்.