வெடியின் அளவும் வெப்பத்தின் அளவும்



நாஞ்சில் நாட்டு அடுப்பங்கரைகளில் சிரட்டை எரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு கிலோகிராம் உலர்ந்த சிரட்டையையும், டி.என்.டி. என்னும் வெடிமருந்து ஒரு கிலோகிராமையும் எதிரெதிரே வைத்து, "இவற்றுள் மிகுதியான வெப்பம் தருவது எது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலோர் வெடிமருந்து என்றே சொல்வர். ஆனால் அது சரியான விடையன்று. சிரட்டை தரும் வெப்பம் வெடிமருந்து தருவதைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்டது. இது எவ்வாறு பொருந்தும் என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்வோம். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பம் ஒரு கலோரி. அது 4.184 ஜூல் ஆகும். வெடிமருந்தின் ஆற்றலைச் சோதித்து அளக்கும்போது, அளக்கும் முறைக்கேற்ப விடை சற்றே மாறுபடுகிறது. ஆகவே, ஒரு கிராம் டி.என்.டி.க்கு 1,000 கலோரி என்று அறிஞர்கள் ஒரு வரையறை செய்துகொண்டனர். ஒரு டன் என்பது 10 லட்சம் கிராம். எனவே ஒரு டன் டி.என்.டி.யின் அளவு 100 கோடி கலோரி, அதாவது 418 கோடியே 40 லட்சம் ஜூல். கிலோடன் என்பது இதைப்போல ஆயிரம் மடங்கு. மெகாடன் என்பது பத்து லட்சம் மடங்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. உணவைப் பற்றிப் பேசுவோர் கலோரி என்று சொல்வது பெரும்பாலும் கிலோகலோரியையே குறிக்கும். அதை மறந்து கணக்கிட்டால் விடை ஆயிரம் மடங்கு பிழைபடும்.

இனிச் சிரட்டைக்குத் திரும்புவோம். சிரட்டை எரிவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். அது சிறிது சிறிதாகவே வந்து சேர்வதால் அடுப்பு நெடுநேரம் எரிகிறது. வெடிமருந்தோ காற்றை எதிர்பார்ப்பதில்லை. சிதைவதற்கு வேண்டிய பிராணவாயு அதன் மூலக்கூறுக்குள்ளேயே பிணைந்திருக்கிறது. வெடிப்பு அதனூடே வினாடிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. ஒரு கிலோகிராம் கட்டி முழுவதும் சிதைய ஒரு வினாடியின் லட்சத்தில் ஓரிரு பங்கு போதும். அழிவைச் செய்வது ஆற்றலின் மிகுதி மட்டுமன்று. அது வெளிப்படும் விரைவே பெருங்காரணம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளையும் இவ்வாறே கணக்கிடலாம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம். ஆகவே ஒரு டன் டி.என்.டி.க்கு ஈடானது 1,162 யூனிட். ஒரு மெகாவாட் காற்றாலை முழுவேகத்துடன் 70 நிமிடம் சுழன்றால் அத்துணை ஆற்றலைத் தந்துவிடுகிறது. அதனால் எந்தப் பாறையும் பிளப்பதில்லை. வீடுகளில் விளக்கு எரிகிறது.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரின்மீது வீசப்பட்ட அணுகுண்டின் ஆற்றல் சுமார் 15 கிலோடன் என்று மதிப்பிடப்படுகிறது. அதாவது 15 லட்சம் கோடி கலோரி. இதை நம் ஊர் நீரில் அளந்து பார்ப்போம். கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை 10 கோடி கன மீட்டருக்கு மேல் நீரைக் கொள்ளும். 10 கோடி கன மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த நீரின் எடை கோடியைக் கோடியால் பெருக்கிய அத்தனை கிராம். அவ்வெப்பம் முழுவதையும் அந்நீரில் சீராகப் பரப்பினால் வெப்பநிலை 0.15 டிகிரிதான் உயரும். நீரில் கைவைத்துப் பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. ஒரு மாநகரை எரித்த வெப்பம் இவ்வளவே! அது நொடிப்பொழுதில், மக்கள் நிறைந்த ஓர் ஊரின்மேல் இறங்கிற்று. அதனோடு வந்த கதிர்வீச்சின் கொடுமையையோ கிலோடன் என்னும் சொல் காட்டவே காட்டாது.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நேர்ந்த நிலநடுக்கம் அதிர்வலைகளாக வெளியிட்ட ஆற்றல் ஏறத்தாழ 26 மெகாடன் என்று கணக்கிட்டுள்ளனர். ஹிரோஷிமா குண்டுகள் 1,700க்கும் மேற்பட்டவற்றுக்கு அது ஈடு. ஆயினும் அவ்வதிர்வலைகள் நம் காலடியில் கடந்து சென்றபோது குளச்சலில் வீடுகள் இடிந்து விழவில்லை. சில மணி நேரம் கழித்து வந்த கடலலைதான் அங்கே உயிர்களைக் கொண்டுபோயிற்று. மெகாடன் கணக்கைப் படித்தவர் எவரும் அதைக்கொண்டு அக்கரையின் துயரத்தை அளந்திருக்க முடியாது.

ஆதலின், செய்தித்தாளில் கிலோடன், மெகாடன் என்னும் சொற்களைக் காணும்போது திகைத்து நிற்காதீர்கள். வியந்து போற்றவும் வேண்டாம். தாளும் பென்சிலும் எடுத்து அதைக் கலோரியாக மாற்றிப் பாருங்கள். பிறகு, அவ்வாற்றல் எவ்வளவு நேரத்தில் வெளிப்பட்டது, எவ்விடத்தில் வெளிப்பட்டது, அங்கே யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். முதற் கணக்கை அலகு செய்து தரும். மற்றக் கேள்விகளை நாம்தாம் கேட்டாக வேண்டும்.