முதியோருக்குத் துணை



எங்கள் பழனிசெட்டிபட்டித் தெருக்களில் மாலை வேளையில் நடந்து சென்றால், வீட்டு வாயிலில் தனித்து அமர்ந்திருக்கும் முதியவர் பலரைக் காணலாம். அவர்களுடைய மக்கள் கோவையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் பணி புரிகின்றனர். திங்கள்தோறும் பணம் வருகின்றது. தொலைபேசியில் குரலும் வருகின்றது. ஆனால் அருகில் அமர்ந்து பேச ஆள் வருவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழகத்தில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஏறத்தாழ 75 லட்சம் பேர். அஃதாவது, நூற்றுக்குப் பத்துப் பேர்.

அரசு இவர்களை மறந்துவிடவில்லை. 1962ஆம் ஆண்டிலேயே இம்மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கப்பெற்றது. 2007ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மத்தியச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் கோட்டாட்சியரிடம் முறையிட்டு, மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறலாம். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது. பொருளும் மருந்தும் சட்டத்தால் கிடைக்கலாம். மதிப்பைச் சட்டத்தால் தர இயலுமா?

என் பிழை ஒன்றைக் கூறுகின்றேன். என் அன்னையார் ஒருநாள் நிலைப்படியில் தடுக்கி விழுந்தார். அன்றே அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை நான் வாங்கிக்கொண்டேன். "இனி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா; உட்கார்ந்திருந்தால் போதும்" என்றேன். மருத்துவர் அவரிடம் கேட்ட கேள்விகளுக்கும் நானே விடை கூறினேன். அன்பு என்றே எண்ணிச் செய்தேன். ஆனால் அவர் பேச்சுக் குறைந்தது, உணவும் குறைந்தது. பிள்ளைகளைத் தாமே செய்யவிட வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்று, வகுப்பறையில் அதனைக் கடைப்பிடித்தவன், வீட்டில் மறந்துபோனேன்.

அடுத்த வீட்டுச் சிறுமி ஒருத்தி, எட்டாம் வகுப்பு மாணவி, பூத்தொடுக்கக் கற்றுத் தருமாறு அவரிடம் வந்தாள். அவள் உதவி செய்ய வரவில்லை, கற்க வந்தாள். நான்காம் நாள் என் அன்னையார், "உள்ளறைப் பெட்டியில் நல்ல நார் இருக்கிறது, சாவி எங்கே?" என்று கேட்டார். தலைகுனிந்து கொடுத்தேன். இறுதிவரை அச்சாவிக்கொத்து அவரிடமே இருந்தது.

ஆகவே மாணவர்களே, முதியவருக்குத் துணையாகச் செல்லும்போது சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். உள்ளே வரலாமா என்று கேட்டுச் செல்லுங்கள். நிமிர்ந்து நின்று பேசாமல், எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, தெளிவாகப் பேசுங்கள்; செவி மந்தமானவரிடமும் கத்த வேண்டுவதில்லை. அவர் கையைப் பற்றி இழுக்காதீர்கள். உங்கள் கையை நீட்டுங்கள், அவர் பற்றிக்கொள்வார். அவர் சொல் தேடித் தயங்கும்போது பொறுத்திருங்கள். அவரை அருகில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசாதீர்கள். கீரை ஆய்வதோ, கணக்கெழுதுவதோ, அவரால் இயன்ற வேலையைப் பறிக்காதீர்கள். எதனையும் செய்யுமுன் அவர் விருப்பத்தைக் கேளுங்கள்.

இதற்குப் பொருட்செலவு இல்லை. வாரம் ஒரு மாலைப்பொழுது போதும். உங்கள் தெருவிலும் ஒரு முதியவர் வாயிலை நோக்கி அமர்ந்திருப்பார். இந்த வாரமே அவரிடம் சென்று, ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.