காசில்லாமல் பிறந்த பாட்டு

 

கிறிஸ்துமஸ் வருகிறது. நம் மையத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறோம். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி கேட்கிறேன். பண்டிகை என்றதும் உங்கள் மனதில் முதலில் வருவது எது?

புதுத் துணி, பலகாரம், கறிச்சோறு என்று சொல்வீர்கள். கூடவே ஒரு கவலையும் வரும். பணத்துக்கு எங்கே போவது? பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. வட்டிக்கு வாங்குவோம். பண்டிகை ஒரே நாளில் முடிந்துவிடும். கடன் அடுத்த பண்டிகை வரை நிற்கும்.

அப்படியானால் பண்டிகையின் மகிழ்ச்சி காசில்தான் இருக்கிறதா? இதற்குப் பதிலாக ஒரு பாட்டின் கதையைச் சொல்கிறேன். இது நடந்த கதை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அப்போது ஒரு தாலாட்டுப் போன்ற பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘சைலண்ட் நைட்’. அமைதியான இரவு என்று பொருள். குழந்தை இயேசு தாயின் அருகில் தூங்குவதைப் பற்றிய பாட்டு அது. தமிழ் உட்பட 300க்கும் மேற்பட்ட மொழிகளில் இன்று அதைப் பாடுகிறார்கள்.

அந்தப் பாட்டு எங்கே பிறந்தது? ஐரோப்பாவில் ஆஸ்திரியா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே சால்ஸ்பர்க் என்று ஒரு நகரம். 1792ஆம் ஆண்டு அங்கே ஓர் ஏழைத் தாய்க்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ஜோசப் மோர். தாய் பின்னல் வேலை செய்து பிழைத்தவர். தகப்பன் ஒரு படைவீரர். அவர் தாயையும் பிள்ளையையும் கைவிட்டுப் போய்விட்டார். தாய்க்குத் திருமணம் ஆகவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளையை ஊர் மதிக்காத காலம் அது.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு நல்ல குரல் இருந்தது. பேராலயத்தில் பாடகர் குழுவை நடத்திய பாதிரியார் அதைக் கவனித்தார். பையனைப் படிக்க வைத்தார். இசையும் கற்றுத் தந்தார். பையன் வளர்ந்தான். 1815ஆம் ஆண்டு தானும் பாதிரியார் ஆனான்.

அடுத்த ஆண்டு 1816. அது பொல்லாத ஆண்டு. ஐரோப்பாவில் நெடுங்காலம் நடந்த போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அதற்குள் வேறொரு கேடு வந்தது. 1815ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகை வானத்தில் பரவி வெயிலை மறைத்தது. அதனால் 1816இல் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. மழையிலும் குளிரிலும் பயிர் அழிந்தது. ரொட்டி விலை ஏறியது. மக்கள் பசியில் வாடினார்கள். அந்த ஆண்டில்தான் மோர் அமைதியான இரவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். இல்லாத அமைதிக்கு ஏங்கித்தானே மனிதன் பாடுகிறான்!

1817இல் மோர் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊருக்கு மாற்றலாகி வந்தார். ஆற்றங்கரை ஊர் அது. படகில் உப்பு ஏற்றிப் பிழைத்தவர்கள் அங்கே அதிகம். 1816இல் அந்த ஆறே நாட்டின் எல்லை ஆயிற்று. அக்கரை வேறு நாடு ஆகிவிட்டது. படகோட்டிகளின் பிழைப்பும் கெட்டது.

பக்கத்து ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். பெயர் பிரான்ஸ் சேவியர் குரூபர். நெசவாளியின் மகன். ஓபர்ன்டார்ஃப் கோயிலில் ஆர்கன் என்ற பெரிய இசைக் கருவியை வாசிப்பவரும் அவர்தான். 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மோர் தன் கவிதையை அவரிடம் கொடுத்தார். மெட்டுப் போட்டுத் தரச் சொன்னார். குரூபர் அன்று மாலையே மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்று இரவே இருவரும் சேர்ந்து பாடினார்கள். மோர் கிட்டார் வாசித்தார்.

கோயிலில் ஏன் கிட்டார்? ஆர்கனை எலி கடித்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். குரூபர் பின்னாளில் எழுதி வைத்த குறிப்பில் எலியும் இல்லை, அந்தக் கதையும் இல்லை. இருந்தது ஒரு கிட்டார், இரண்டு குரல்கள், கூடப் பாடிய குழுவினர். அவ்வளவுதான்.

கிறிஸ்தவர்களின் நம்பிக்கையும் இதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இயேசு அரண்மனையில் பிறக்கவில்லை. சத்திரத்தில் இடம் இல்லை. மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டியில் குழந்தையைக் கிடத்தினார்கள். அந்தச் செய்தியை முதலில் கேட்டவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். பைபிள் இப்படித்தான் சொல்கிறது. ஏழை வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாட யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, சின்ன ஊரில் பாடிய பாட்டு உலகம் முழுவதும் எப்படிப் போயிற்று? ஆர்கன் பழுது பார்க்க வந்தவர் அந்தப் பாட்டைத் தன் ஊருக்குக் கொண்டு போனார். அந்தப் பக்கத்தில் ஸ்ட்ராசர் என்று ஒரு குடும்பம். கையுறை விற்றுப் பிழைத்தவர்கள். குளிர்காலத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தைக்குப் போவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் பாடுவார்கள். 1830களின் தொடக்கத்தில் அவர்கள் பாடியதைக் கேட்டு நகரத்து மக்கள் சொக்கிப் போனார்கள். அங்கிருந்து பாட்டு ஊர் ஊராகப் பரவியது. வாய் வழியாகவும் பரவியது.

ஆனால் ஒன்று நடந்தது. பாட்டுப் போன இடமெல்லாம் அதைக் கட்டியவர்களின் பெயர் போகவில்லை. அது நாட்டுப்பாட்டு என்றார்கள் சிலர். யாரோ பெரிய இசை மேதை கட்டியது என்றார்கள் சிலர். ஏழைப் பாதிரியாரும் ஊர் வாத்தியாரும் கட்டினார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

1848இல் மோர் இறந்தார். கடைசியில் இருந்த ஊரில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி செய்தவர் அவர். கையில் காசு வைக்காமல் போய்ச் சேர்ந்தார். 1854இல் பெர்லின் நகரத்திலிருந்து, அந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டு விசாரணை வந்தது. குரூபருக்கு அப்போது வயது 67. உட்கார்ந்து எழுதினார். எந்த நாள், எந்த ஊர், எழுதியது யார், மெட்டுப் போட்டது யார், எல்லாவற்றையும் எழுதினார்.

மோர் தன் கையாலேயே எழுதிய ஒரு தாளும் 1995இல் கிடைத்தது. கவிதை தன்னுடையது, ஆண்டு 1816 என்று அதில் இருக்கிறது. மெட்டு குரூபருடையது என்றும் இருக்கிறது. நண்பனின் பெயரை அவர் மறைக்கவில்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் கவிதை 1816இல் எழுதியது என்று நமக்குத் தெரியாது.

நண்பர்களே, பாட்டைக் காப்பாற்றியது வாய். பெயரைக் காப்பாற்றியது எழுத்து. இரண்டும் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் பாட்டு இருக்கிறது. பாட்டி பாடிய தாலாட்டு, அம்மா கட்டிய கும்மி, பிள்ளைகள் பாடும் விளையாட்டுப் பாட்டு, கோயில் பாட்டு. பாட்டி போனால் பாட்டும் போய்விடும். நேற்று வரை நமக்கு எழுதத் தெரியாது. அதனால் எத்தனையோ பாட்டுகளை இழந்தோம். இன்று எழுதத் தெரியும். இனியும் இழக்கலாமா?

இந்தப் பண்டிகைக்கு ஒரு வேலை செய்வோம். ஒரு மாலை வீட்டில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வையுங்கள். எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். பிள்ளைகளைப் பாடச் சொல்லுங்கள். குரல் சரியில்லை என்று அதட்டாதீர்கள். நீங்களும் சேர்ந்து பாடுங்கள். பெரியவர்களிடம் பழைய பாட்டைக் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, நோட்டில் எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம். பாடியவர் பெயர், ஊர், ஆண்டு, இந்த மூன்றையும் கீழே எழுத மறக்காதீர்கள்.

அடுத்த வாரம் அந்த நோட்டுகளை இங்கே கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு பாட்டு வாசிப்போம், பாடுவோம். எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.