விவாகத்துக்கு நிறந் தெரிதல்



1856-இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்பார் செயற்கைச் சாயங் கண்டதற்கு முன், அரக்கு, சாயவேர், அவுரி முதலியனவே ஆடைகட்கு நிறந் தந்தன. இன்றோ நிறங்கட்குக் கணக்கில்லை. மணவீட்டாரின் மயக்கத்துக்கும் அளவில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலொரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் தறியிலேயே இணைகின்றன. மணமகள் விரும்பிய கூறையின் அவ்விரு நிறங்களே பந்தலுக்கும் மாலைக்கும் போதும்.

நிற்க. உறவினர் யாவரும் ஒரே நிறத்திற் புத்தாடை வாங்கி வரவேண்டுமென்னும் வழக்கம் இப்போது பரவி வருகின்றது. அதற்கெனக் கடன்படுவோரும், இயலாமையால் வராது நின்றுவிடுவோரும் நம்முள் உளர். பழம்புடவையுடன் வரும் அத்தையின் ஆசி நிறங் குன்றுமோ? பந்தலின் நிறத்தை நாம் தெரிந்தெடுப்போம். பந்துக்களின் ஆடையை அவரவர்க்கே விடுவோமாக.