நமது ஏடு, யாருடைய பூட்டு?

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



உழைப்பவனிடமிருந்து உற்பத்திக் கருவியைப் பிரித்தெடுத்தே மூலதனம் வளர்ந்தது என்பதை நாம் அறிவோம். அதே பிரிப்பு நமது பத்திரிகை அலுவலகங்களிலும் நிகழ்ந்துள்ளது.

பேஜ்மேக்கர் மென்பொருளை ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. 1994-இல் ஆல்டஸை அடோபி விழுங்கியது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்பே கடைசி. நமது துண்டறிக்கைகளும் மாநாட்டு மலர்களும் பல்லாண்டுகள் அதிலேயே உருவாயின. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு நேரடியாகத் திறக்காது. அடோபியின் இன்டிசைனும் சிஎஸ்6 வரையில்தான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. 2013 முதல் வந்த பதிப்புகள் அவற்றைத் திறப்பதில்லை; சந்தா செலுத்துவோருக்கே அவை கிடைக்கும். எழுதியவர்கள் நாம்; திறவுகோல் அவர்களிடம்!

எழுத்துரு மற்றொரு பூட்டு. பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியே அச்சிட்டோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நமது தலையங்கம் பொருளற்ற குறியீடுகளாகிவிடும். மலையாளத்தின் நிலையும் இதுவே.

இப்பூட்டை உடைக்க முடியும் என்று காட்டியது, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கேரள நாளேடான ஜனயுகம். 2019-இல் அது கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், படங்களுக்கு கிம்ப், எழுத்துக்கு யூனிகோடு என ஏற்பாடாயிற்று. ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஸ்கிரைபஸ் கோப்பின் அமைப்பு வெளிப்படையானது. அதைப் படிக்க எவரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கப்பட்டதும் இந்நகரில்தான்.

செலவு மிச்சம் என்பது இதில் சிறிய ஆதாயமே. போராட்டங்களின் பதிவு நம் கையில் நிலைக்குமா என்பதே உண்மையான கேள்வி. கைக்கு எட்டாத ஆவணம் எரிந்த ஆவணத்திற்குச் சமம்.

ஆகவே, பழைய கணினிகள் இயங்கும்போதே மாவட்டக் குழுக்கள் தம்மிடமுள்ள பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து, பக்கங்களை பிடிஎஃப் ஆகவும் உரையை யூனிகோடிலும் சேமித்து வைக்க வேண்டும். புதிய வெளியீடுகளைத் திறந்த வடிவங்களிலேயே தொடங்க வேண்டும். பழகிய கையை மாற்றுவது கடினமே. ஆனால், ஒரு நாளேட்டால் முடிந்தது ஒரு வார ஏட்டால் முடியாதா?