கதிரும் அளவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகள் கல்விப்பணி ஆற்றிய நம் சங்கத்தின் விழாவில் உரையாற்றுமாறு பணித்தபோது, மருத்துவக் கதிர்ப்படங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்றோம். கலைப்பாடம் பயின்ற தலைமையாசிரியருக்கு இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணியிருக்கலாம். இன்று நம் தெருவில் எக்ஸ்-கதிர்ப் படமோ ஸ்கேனோ எடுக்காத குடும்பம் அரிது. நம் உடலினுள் புகும் ஒன்றை நாம் அறிந்திருக்க வேண்டாமா? அறிவியல் அறிஞர்க்கு மட்டும் உரியது என்று ஒதுங்கி நிற்பது, படிப்பு நமக்கு உரியதன்று என்று முன்னாளில் சொல்லப்பட்டதை நாமே ஏற்றுக்கொள்வதாகும்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். தசையை ஊடுருவி எலும்பின் நிழலைக் காட்டும் இக்கதிர் சில மாதங்களிலேயே மருத்துவமனைகளில் இடம்பெற்றது. ஆனால் அது கண்ணுக்குப் புலப்படாது, சுடாது, மணக்காது. ஆகவே அதன் தீங்கும் உடனே புலப்படவில்லை. அந்நாளில் மருத்துவர்கள் தம் கையையே கதிரின் முன் நீட்டிக் கருவியைச் சோதித்தனர். ஆண்டுகள் சென்றபின் அக்கைகளில் புண் தோன்றிற்று. சிலருக்கு அது புற்றுநோயாகி உயிரைக் கவர்ந்தது. இவ்வாறு மாண்டோர்க்கு 1936ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பினர். காணாத ஒன்றிடமிருந்து காத்துக்கொள்ள வேண்டுமாயின் முதலில் அதனை அளக்க வேண்டும் என்பதை உலகம் இவ்வாறே கற்றது.

எவ்வாறு அளப்பது? ஒரு கிலோகிராம் எடையுள்ள உடற்பகுதி ஏற்கும் கதிர் ஆற்றலை 'கிரே' என்னும் அலகால் குறிப்பர். இது லூயிஸ் ஹெரால்டு கிரே என்னும் ஆங்கில அறிஞரின் பெயர். ஒரே அளவு கதிர் எல்லா உறுப்பையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. அவ்வேறுபாட்டையும் கணக்கிற் சேர்த்துப் பெறும் அளவுக்குச் சுவீடன் நாட்டு அறிஞர் ரால்ஃப் சீவர்ட்டின் பெயரால் 'சீவர்ட்' என்று பெயர். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். இச்சொல்லை மட்டும் மனத்திற் கொண்டால் போதும்.

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம் மேல் கதிர் விழுகிறது. உலகச் சராசரியில் ஒருவர் ஓராண்டில் பெறுவது ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். தோரியம் கலந்த மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை போன்ற இடங்களில் இது மிகுதி. மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்றிற்கு ஆகும் அளவு 0.1 மில்லிசீவர்ட்டோ அதனினும் குறைவோ ஆகும். அதாவது இயற்கை சில நாள்களில் அல்லது சில வாரங்களில் தருவதே. வயிற்றை எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கோ ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் ஆகலாம். மூன்று நான்கு ஆண்டுகளில் இயற்கை தருவதை ஒரே நாளில் பெறுகிறோம். அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஆகிய இரண்டிலும் இவ்வகைக் கதிரே இல்லை. அனைத்தையும் 'ஸ்கேன்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதால், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறோம். கேட்க வேண்டியதைக் கேளாது விடுகிறோம்.

சிற்றளவுக் கதிரின் தீங்கைத் தனி ஒருவரிடம் கண்டறிதல் இயலாது. பலரைக் கணக்கிட்டால் மட்டுமே அது வெளிப்படும். 1950களில் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் பெண் மருத்துவர், புற்றுநோயால் குழந்தையை இழந்த தாய்மாரையும், நலமுள்ள குழந்தைகளின் தாய்மாரையும் ஒரே வகைக் கேள்விகளால் வினவச் செய்தார். கருவுற்றிருந்தபோது எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டதாகக் கூறியோர், குழந்தையை இழந்த தாய்மாரிடையே ஏறத்தாழ இரு மடங்காக இருந்தனர். 1956லும் 1958லும் இம்முடிவுகளை அவர் வெளியிட்டார். தாய்மாரின் நினைவை நம்பலாமா என்று பலர் ஐயுற்றனர். 1962இல் அமெரிக்காவில் மாக்மேகன் என்பார் மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டே ஆராய்ந்து, தீங்கு உண்டெனக் கண்டார். ஆயினும் கருவுற்ற மகளிர்க்குப் படம் எடுக்கும் வழக்கம் மாற நெடுங்காலம் சென்றது.

இனி, நாம் சிறப்பாகக் கூற விரும்பும் செய்திக்கு வருவோம்.

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கறுப்பின மக்களுக்குப் படம் எடுக்கும்போது கதிரின் அளவைக் கூட்ட வேண்டும் என்று தொழில்நுட்பர்க்குக் கற்பிக்கப்பட்டது. அவர்களுடைய எலும்பு கடினமானது, தோல் தடித்தது, கதிர் எளிதில் ஊடுருவாது என்பதே கூறப்பட்ட காரணம். வாய்வழியாக மட்டும் பரவிய வழக்கமன்று இது, பாடநூலிலும் எழுதப்பட்டிருந்தது. 1968ஆம் ஆண்டில், நுகர்வோர் நலனுக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் இதனை அமெரிக்க ஆட்சிமன்ற மேலவையின் குழுவின் முன் எடுத்துரைத்தார். கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை மிகுதியான கதிர் அவர்களுக்குத் தரப்படுகிறது என்றார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கதிர்வீச்சுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறிற்று. பின்னர் இச்செய்தி மறக்கப்பட்டது. 2022இல் வரலாற்று ஆய்வாளர் இருவர் பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து, புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் மீண்டும் எழுதினர்.

உண்மை யாது? கதிர் எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உடலின் பருமன். படம் எடுக்கும் பகுதி தடிமனாக இருப்பின் கதிர் கூட வேண்டும். மெலிந்திருப்பின் குறைவே போதும். தோலுக்கு நிறம் தரும் பொருள் மெல்லிய மேற்படலத்தில் உள்ளது. எக்ஸ்-கதிரை அது தடுப்பதில்லை. ஓர் அளவுகோலை எடுத்து மார்பின் தடிமனை அளந்திருந்தால் இக்கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். அளக்க வேண்டிய இடத்தில் பிறப்பைப் பார்த்தனர். உழைக்கும் மக்களின் உடல் எதையும் தாங்கும், அவர்கள் தோல் தடித்தது என்னும் பேச்சு நமக்குப் புதிதன்று. ஆகவே இக்கதையின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கூலி நெல் அளக்க ஒரு மரக்கால், குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அளவு பொதுவாகவும், எல்லாரும் காணத் தக்கதாகவும் இருந்தால்தான் நியாயம் நிற்கும். எழுத்தும் கணக்கும் கற்றவன் வீட்டில்தான் மரக்காலைச் சரிபார்க்க ஆள் இருந்தது.

அளவு எழுதப்பட்டிருந்தும் பார்ப்பாரின்றிப் போவதும் உண்டு. 2008 பிப்ரவரி முதல் ஏறத்தாழ 18 மாதங்கள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில், மூளையின் இரத்த ஓட்டத்தைக் காண எடுத்த சி.டி. ஸ்கேனில், 206 நோயாளிகள் உரிய அளவைப்போல் எட்டு மடங்கு கதிரைப் பெற்றனர். கருவியின் அமைப்பை மாற்றியபோது நேர்ந்த பிழை அது. அளவு திரையில் தோன்றிக்கொண்டே இருந்தது. கருத்தூன்றிப் பார்த்தவர் இல்லை. நோயாளி ஒருவர் தம் தலைமயிர் உதிர்ந்ததைச் சொன்ன பின்னரே உண்மை வெளிப்பட்டது. இதன் விளைவாகக் கலிபோர்னியா மாநிலத்தில், சி.டி. ஸ்கேனின் கதிர் அளவை நோயாளியின் ஆவணத்தில் எழுதியே ஆக வேண்டும் என்னும் சட்டம் 2010இல் நிறைவேறி, 2012 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை எவை?

முதலாவது, அச்சம் வேண்டா. காசநோயைக் கண்டறியும் மார்புப் படத்தையோ, தலையில் அடிபட்டவருக்கு மருத்துவர் எழுதிய சி.டி. ஸ்கேனையோ மறுப்பது அறிவுடைமையன்று. நோயை அறியாது விடும் தீங்கு, கதிரின் தீங்கினும் பன்மடங்கு பெரிது.

இரண்டாவது, கேட்கத் தயங்க வேண்டா. இப்படம் எதற்கு? கதிர் இல்லாத வேறு முறை உண்டா? சென்ற மாதம் எடுத்த படம் போதாதா? குழந்தைக்கு ஏற்ற அளவு வைத்திருக்கிறீர்களா? இவற்றைப் பணிவோடும் தெளிவோடும் கேட்கலாம். கருவுற்ற பெண் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பழைய படங்களையும் அறிக்கைகளையும் ஒரு பையில் இட்டுக் காப்பதே மற்றுமொரு படத்தைத் தவிர்க்கும் எளிய வழி.

மூன்றாவது, கதிர் அறைகளில் பணிபுரியும் நம் இளைஞர்க்கு. நம் நாட்டில் 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், பணியாளர்க்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்றும், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேற்படலாகாது என்றும் வரம்பு விதித்துள்ளது. மார்பில் அணியும் கதிர் அளவி வில்லையே இதற்குச் சான்று. அதனை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள்; உங்களுக்கு வில்லை தரப்படவில்லையாயின் எழுத்தில் கேளுங்கள். அளவு பதிவாகாத பணியாளர் நாளை நோயுற்றால், அவர் சொல்லுக்குச் சான்று இராது.

இறுதியாக, மாணவச் செல்வங்களே! அளவைக் கேட்பவராக மட்டும் நின்றுவிடாமல், அளப்பவராகவும் வாருங்கள். கதிர்ப்படத் தொழில்நுட்பப் பயிற்சி உண்டு. இயற்பியல் பட்டம் பெற்றோர்க்கு மருத்துவ இயற்பியல் என்னும் மேற்படிப்பு உண்டு. குறைந்த கதிரில் தெளிந்த படம் பெறுவது எப்படி என்று உலகெங்கும் ஆராய்ந்து வருகின்றனர். நம் தெருப்பிள்ளை ஒருவர் அக்கருவியின் முன் அமர்ந்து, படுத்திருப்பவர் எவராயினும் அவர் உடலை அளந்து உரிய அளவே தரும் நாளை, நம் சங்கம் அடுத்த 25 ஆண்டுகளில் காண வேண்டும். சங்கத்தின் மாலைநேர வகுப்பில் கணக்கும் இயற்பியலும் தடையின்றி நடைபெறப் பெற்றோர் துணை நிற்க வேண்டுமென இருகரம் கூப்பி வேண்டுகிறோம்.

வளர்க நம் கல்விப்பணி!