பாரவண்டிகளும் மின்சக்தியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சங்க மேடைகளில் அடிக்கடி கேட்கப்படுவதன்று. லொறியும் பஸ்ஸும் மண் அகழும் யந்திரமும் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறுதல் கூடுமா, கூடுமாயின் எங்கே தொடங்குதல் நன்று என்பதே அது. “இஃது எஞ்சினியர்மார் பேச வேண்டிய விஷயம்; எங்களுக்கு ஏன்?” என்று சிலர் எண்ணலாம். நம்மூர்ச் சந்தைக்கு வரும் மரக்கறியும், கடைக்கு வரும் அரிசி மூடையும், வீடு கட்ட வரும் கல்லும் மணலும் டீசலிலேதான் வருகின்றன. ஆகவே இது நமது அடுப்படி வரைக்கும் எட்டுகின்ற விஷயம்.

இச்சபையிலிருக்கும் பெரியோருக்கு ஒரு காட்சியை நினைவூட்ட விரும்புகின்றோம். 1990ஆம் ஆண்டுக்குப் பின் பல ஆண்டுகள் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வராமல் தடைப்பட்டிருந்தன. மின்சாரமும் இல்லை. மோட்டார் வண்டியைச் சில துளி பெற்றோலால் எழுப்பி, மண்ணெண்ணெயிலே ஓட்டினோம். செய்தி கேட்க வேண்டுமானால், சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, அதன் டைனமோவிலிருந்து கம்பி எடுத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தோம். அன்று மிதித்த பிள்ளைகள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். டைனமோவைச் சில்லிலே சாய்த்தவுடன் மிதி கனக்கும். சில்லின் ஓட்டத்தைப் பிடித்து இழுத்துத்தான் டைனமோ மின்சாரத்தைத் தருகின்றது. இந்தச் சிறிய உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

முதலில் டீசலுக்கு உரிய மரியாதையைச் செய்வோம். 1897ஆம் ஆண்டு ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரிலே றூடோல்ஃப் டீசல் அமைத்த யந்திரம் பரிசோதிக்கப்பட்டபோது, எரிபொருளிலுள்ள சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை அது வேலையாக மாற்றியது. அக்காலத்துச் சாதாரண நீராவி யந்திரம் அதிற் பாதியைத்தானும் எட்டுவது அரிது. இன்றைய நல்ல லொறி யந்திரங்கள் 40 பங்கையும் தாண்டுகின்றன. நமது வயலை உழுததும், வீதியை அமைத்ததும், மீன்பிடி வள்ளத்தை ஆழ்கடலுக்குக் கொண்டு சென்றதும் டீசல் யந்திரமே. நன்மை செய்ததை நன்றியோடு நினைத்துக்கொண்டே அதன் குறைகளையும் எண்ணிப் பார்ப்போம்.

குறைகள் மூன்று. எரியும் டீசலின் சக்தியிலே பாதிக்கு மேற்பட்டது வெப்பமாய் வீணே வெளியேறுகின்றது என்பது முதலாவது. இரண்டாவது, புகை. 2012ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என ஐயத்துக்கிடமின்றி வகுத்துவிட்டது. அப்புகையை அதிகம் சுவாசிப்பவர் யார்? லொறிச் சாரதியும், பஸ் நடத்துநரும், கராச்சிலே வேலை பழகும் பையனுமே. மூன்றாவது, நம் நாட்டிலே டீசல் எண்ணெய்க் கிணறு ஒன்றுதானும் இல்லை. ஒவ்வொரு துளிக்கும் அந்நியச் செலாவணி கொடுக்க வேண்டும். அச்செலாவணி இல்லாதபோது என்ன நேரும் என்பதை 2022ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. 2021ஆம் ஆண்டு முடியும்போது ஒரு லீற்றர் 121 ரூபாவாயிருந்த டீசல், 2022 ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. தோட்டத்திலே மரக்கறி அழுகியது. பட்டணத்திலே அதன் விலை ஏறியது.

இனி மின்சாரத்தின் இயல்பைப் பார்ப்போம். மின் மோட்டார், பற்றறி கொடுக்கும் சக்தியில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரையில் சில்லுக்குக் கொடுக்கும். நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையையும் தரும். பாரம் ஏற்றிய வண்டி மேட்டிலே புறப்படுவதற்கு வேண்டியது இந்த விசையே. இவற்றிலும் சிறந்த குணம் ஒன்றுண்டு. வண்டி இறக்கத்தில் இறங்கும்போது அதே மோட்டார் டைனமோவாக மாறுகின்றது. அன்று சைக்கிள் மிதி கனத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கனமே இங்கே பிரேக்காகின்றது. பிடித்த சக்தி பற்றறிக்குத் திரும்புகின்றது. டீசல் லொறியிலோ அச்சக்தி பிரேக்கைச் சூடாக்கி, தேய்த்து, மணக்கச் செய்துவிட்டுப் போய்விடும்.

இதனைச் சுவிற்சர்லாந்து தேசத்தார் அழகாகப் பயன்படுத்தியிருக்கின்றனர். அங்கே பீல் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சீமெந்துத் தொழிற்சாலைக்குரிய கல் அகழும் மலையிலே, பிரமாண்டமான ஒரு கொமற்சு டீசல் வண்டியை மின்சார வண்டியாக மாற்றினார்கள். வெறும் வண்டியே 45 தொன். மேலே சென்று 65 தொன் கல்லை ஏற்றினால் 110 தொன். பாதையோ 100 அடிக்கு 13 அடி உயரும் சாய்வு. வெறுமையாக ஏறுகின்றது; பாரத்தோடு இறங்குகின்றது. இறங்கும்போது பிடிக்கும் மின்சாரம், மறுமுறை ஏறுதற்கு வேண்டியதை ஏறக்குறைய முழுவதும் ஈடுசெய்கின்றது. மலையின் உயரமே அவ்வண்டிக்கு எண்ணெய்க் கிணறு.

இரண்டாவது உதாரணம் சீனாவின் ஷென்சென் நகரம். 2017ஆம் ஆண்டு முடிவிலே அந்நகரத்துப் பொதுப் பஸ் வண்டிகள் 16,359உம் மின்சாரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. அரசாங்கத்தார் பெருந்தொகை மானியம் கொடுத்தே இதனைச் செய்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் மானியத்தால் மட்டும் இஃது ஆகிவிடாது. நகரப் பஸ் செல்லும் பாதை தெரிந்தது, தூரம் அளந்தது, இரவிலே தரிப்பிடத்துக்குத் திரும்புவது. உறங்கும் நேரத்தில் மின்சாரம் ஏற்றிவிடலாம்.

மூன்றாவது, நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரம். 2019ஆம் ஆண்டு அங்கே ஓலாவ் 5ஆம் மன்னர் வீதியைத் திருத்தியமைத்தபோது, மண் அகழும் யந்திரம் முதலியவற்றை மின்சாரத்திலேயே இயக்கினார்கள். சத்தம் குறைந்ததால், வேலை செய்பவர்கள் ஒருவரோடொருவர் சாதாரண குரலிலே பேச முடிந்தது. நான்காவது, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள போர்டன் தங்கச் சுரங்கம். அதுவும் 2019ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கியது. நிலத்தின் கீழே டீசல் யந்திரம் ஓடினால் புகையைப் போக்கப் பெருங்காற்றாடிகள் ஓயாது சுழலவேண்டும். மின்சார யந்திரங்களைக் கொண்டுவந்ததனால் அந்தச் செலவு குறைந்தது. தொழிலாளியின் மூச்சும் காக்கப்பட்டது.

இந்நான்கிலும் பொதுவாயுள்ளது என்ன? வண்டியின் ஒரு நாள் வேலை முதலிலேயே அளந்து பார்க்கத்தக்கது. எவ்வளவு தூரம், எவ்வளவு பாரம், ஏற்றமா இறக்கமா, எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்கெடுத்தபின்பே யந்திரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். இன்று நாம் சொல்ல வந்ததும் இதுவே. யந்திரம் நல்லதா கெட்டதா என்று வாதாடுவதிற் பயனில்லை. அந்த யந்திரம் இந்த வேலைக்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

பொருந்தாத வேலையும் உண்டு. நமது மின்பட்டியலிலே ஓர் அலகு என்று எழுதப்படுவதைக் கொண்டு கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் டீசலிலே ஏறக்குறைய 10 அலகு சக்தி உண்டு. நெடுந்தூர லொறியின் தாங்கியில் 300 லீற்றர் என்றால் 3,000 அலகு. அதிலே 40 பங்கு மட்டும் வேலையாகுமெனின் 1,200 அலகு. அந்த 300 லீற்றர் டீசலின் நிறை கால் தொன் மாத்திரமே. சுவிற்சர்லாந்து வண்டியின் பற்றறி 600 அலகு கொள்வது. அதன் நிறை 4½ தொன். அக்கணக்கின்படி 1,200 அலகுக்கு 9 தொன் பற்றறி வேண்டும். இப்போதைய பற்றறிகள் அதனிலும் நிறை குறைந்தவையாயினும், பல தொன் பாரத்தைப் பற்றறிக்கே விட்டுக்கொடுக்க நேரும். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இளைப்பாறாமல் ஓடும் லொறிக்கு இஃது இன்னும் பொருத்தமில்லை. சீனாவிலே இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். பார லொறியின் 282 அலகுப் பற்றறியை ஏறக்குறைய 5 நிமிடத்திலே கழற்றி, நிறைத்து வைத்த வேறொன்றைப் பூட்டும் நிலையங்களை அமைத்திருக்கின்றனர். முன்னாளிலே தபால் வண்டிக்கு வழியிலே குதிரை மாற்றியது போன்றது இது.

“மின்சாரத்தை எதனால் ஆக்குகின்றோம்?” என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயமான கேள்வியே. நுரைச்சோலையிலே 900 மெகாவாற்று நிலையம் நிலக்கரியால் இயங்குகின்றது. நிலக்கரியும் கப்பலிலே வருவதுதான். 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாதபோது, மார்ச் மாத முடிவிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டும் வந்தது. ஆகவே வண்டியை மட்டும் மாற்றி, மின்சாரத்தைப் பிறநாட்டு எரிபொருளிலேயே ஆக்கிக்கொண்டிருந்தால், ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு மாறி நிற்பதாகவே முடியும். ஆனால் நமக்கு நீரும் காற்றும் வெயிலும் உண்டு. மன்னாரிலே தம்பபவனிக் காற்றாலை 100 மெகாவாற்றுக்கு மேற்பட்ட வலுவுடையது. 2025 ஏப்ரில் புத்தாண்டு விடுமுறையிலே மின்பாவனை குறைந்தபடியால், கூரைகளிலே பூட்டிய சூரியத் தகடுகளைப் பகலிலே நிறுத்திவைக்கும்படி மின்சார சபையாரே கேட்டுக்கொண்டனர். வெயில் தந்ததை வேண்டாமென்று நிறுத்திய அந்த நண்பகலிலே, தரிப்பிடத்தில் நிற்கும் பஸ்களும் நகரசபை வண்டிகளும் பற்றறியை நிரப்பக்கூடுமாயின் எவ்வளவு நன்று!

மின்சார வண்டி நம் நாட்டுக்குப் புதியதுமன்று. கொழும்பு மாநகரிலே 1899ஆம் ஆண்டு தொடங்கிய டிராம் வண்டி 1960 வரை ஓடிற்று. தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடிய டிரொலி பஸ் 1953இல் வந்து 1964இல் மறைந்தது. அன்று டீசல் மலிவாயிருந்தது, கம்பிகள் சுமையாகத் தோன்றின, கைவிட்டோம். அன்றைய கணக்கு அன்றைக்குச் சரியாயிருந்திருக்கலாம். இன்றைய கணக்கை இன்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேல் உள்ளது. அங்கிருந்து மரக்கறி ஏற்றிய லொறியொன்று, வண்டியும் பாரமுமாக 10 தொன் என வைப்போம். 1,800 மீற்றர் கீழே இறங்கும்போது அது விட்டுவிடும் சக்தி 49 அலகு. அதிலே பாதியைப் பிடித்தாலும் 24 அலகு. வெறுமையான 4 தொன் லொறி திரும்ப அந்த உயரத்துக்கு ஏற வேண்டியது 20 அலகு. சமதரையில் ஓட வேறு மின்சாரம் வேண்டும். பாரத்தோடு திரும்பினால் இன்னும் வேண்டும். எனினும் இறக்கத்திலே பிரேக்கைத் தேய்த்து நாம் நாள்தோறும் எறிந்துவிடும் செல்வம் இவ்வளவு என்பது தெரிகின்றதல்லவா?

இனி, நம் இளைஞர்களுக்கே உரிய ஒரு விஷயம். மின் மோட்டாரிலே இன்ஜெக்ரர் பம்ப் இல்லை, பிஸ்ரன் இல்லை, மாற்றுவதற்கு எஞ்சின் ஒயிலும் இல்லை. அப்படியானால் டீசல் யந்திரத்தைப் பிரித்துப் பூட்டிச் சீவிக்கும் நமது மெக்கானிக்குகளின் கதி என்ன? ஒலியைக் கேட்டே பழுதைச் சொல்லும் கைராசிக்காரர் நம்மூரில் இருக்கின்றனர். அவர்களிடம் தொழில் பழகும் பிள்ளைகளும் இருக்கின்றனர். மாற்றம் வந்தபின் அவர்களை நினைப்பது பயன்படாது. டீசல் நாளைக்கே மறையப் போவதில்லை. பல ஆண்டுகள் இரண்டும் அருகருகே ஓடும். அந்த ஆண்டுகளே பழகுவதற்குரிய காலம். பார வண்டிப் பற்றறியிலே பல நூறு வோல்ற் அழுத்தம் உண்டு. முறையாகக் கல்லாதவன் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் கராச்சிலே பழகும் பிள்ளை மாலை வேளையிலே மின்னியலும் கற்க வேண்டும். அதற்கு வழிசெய்தல் பெரியோர் கடமை. மூத்த மெக்கானிக்கின் அனுபவமும் வீணாகாது. சில்லும் அச்சும் பிரேக்கும் ஸ்பிறிங்கும் மின்சார லொறிக்கும் உண்டு.

சொல்லிவிட்டுக் கலைந்து போவது சங்கத்துக்கு அழகன்று. ஆதலால் ஒரு சிறு வேலையை உங்கள்முன் வைக்கின்றோம். நம் பகுதியிலே லொறி, பஸ், உழவு யந்திரம், பாண் விற்கும் முச்சக்கர வண்டி வைத்திருப்போரை இளைஞர்கள் இருவர் இருவராகச் சென்று காணுங்கள். ஒரு மாத காலம் ஒவ்வொரு நாளும் ஓடிய தூரம், ஏற்றிய பாரம், நின்ற இடம், நின்ற நேரம், ஊற்றிய டீசல் ஆகியவற்றை ஒரு கொப்பியிலே குறித்து வாருங்கள். செலவு ஒரு கொப்பியும் பென்சிலும்தான். அக்கணக்கைப் பார்த்தால், எந்த வண்டி முதலில் மாறலாம், எது பொறுக்க வேண்டும், எதற்கு டீசலே இன்னும் தக்கது என்பது தானே விளங்கும். வங்கியிலே கடன் கேட்கச் செல்லும் லொறிச் சொந்தக்காரருக்கும் அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

எரிபொருள் இல்லாத காலத்திலே, சைக்கிள் மிதித்து வானொலி கேட்ட சமூகம் நாம். அன்று இல்லாமை நமக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தது. மீண்டும் ஓர் இல்லாமை வந்து கற்பிக்கும்வரை காத்திராது, இருக்கும் காலத்திலேயே கணக்கெடுத்துக் கற்றுக்கொள்வோமாக.